அணியத்தில் ஏற்றிய பாரம்

கப்பலின் முன்மூக்கைத் தோணிக்காரர்கள் அணியம் என்பார்கள். பின்பக்கம் அமரம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இதைத் தூத்துக்குடியில் பாய்த்தோணிக்குக் கூலியாகப் போனபோது தெரிந்துகொண்டேன். அணியத்திலிருந்து ஒரு மரம் ஈட்டிபோலக் கடலுக்கு மேலே நீண்டிருக்கும். முன்பாயை அதில்தான் கட்டுவார்கள். ஒருமுறை அதன்மேல் தவழ்ந்து போகச் சொன்னார்கள். போய் வந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. கரை இறங்கியதும் மலையேறி ஏலத்தோட்டத்தில் சேர்ந்துவிட்டேன்.

இடுக்கியில் அணை கட்டித் தண்ணீர் ஏறிய புதிது. எங்கள் வண்டித்தடம் முங்கிப்போனது. அதில் மாட்டுவண்டி ஓட்டியவரே மூங்கிலைக் கட்டிச் சங்காடம் என்கிற மிதவை விட்டார். ஆஸ்பத்திரி அக்கரையில்.

ஆடி மாதம். தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் முற்றி நினைவு தப்பித் தப்பி வந்தது. அவள் புருஷனும் நானும் தூக்கிக்கொண்டு போனோம். வண்டிக்காரர் மிளகு மூட்டைகளை முன்னால் அடுக்கி, அவளையும் அங்கேயே கிடத்தச் சொன்னார்.

"அண்ணாச்சி, அணியத்துல பாரம் ஏத்தாதீங்க. முன்பக்கம் தூக்கி நிக்கணும்."

"முன்பாரம் இல்லேன்னா வண்டி குடை சாஞ்சிரும்லே. வந்துட்டாரு பெரிய கப்பக்காரரு!"

"வண்டின்னா மாட்டுக் கழுத்து தாங்கும். இங்க மாடு எங்க?"

"சண்டைய அக்கரையில போடுங்கய்யா," என்றார் புருஷன்.

நடுவில் மலையிடுக்குக் காற்று திரும்பியது. அலை எழும்பியது. கீழே முங்கிக் கிடந்த மரங்களின் உச்சிக்கிளைகள் மூங்கிலை உரசிய சத்தம் கேட்டது. ஊன்றித் தள்ளும் கழிக்குத் தரை எட்டவில்லை. வண்டிக்காரர் "ஹோய், ஹோய்" என்று இல்லாத மாட்டை அதட்டினார். முன் மூங்கில்கள் தண்ணீருக்குள் போயின. அவள் காது நனைந்தது, பிறகு கன்னம். புருஷன் அவளைத் தூக்க முன்னால் பாய்ந்தார். இன்னும் முங்கியது.

"பின்னால போய்யா! நீ பின்னால போ!" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன்.

நான் குப்புறப் படுத்து முன்னால் தவழ்ந்தேன். கையில் முதலில் அகப்பட்டது அவளுடைய கணுக்கால். இழுத்தேன். மூங்கில் முடிச்சுகள் அவள் முதுகைக் கீறியிருக்கும், வேறு வழியில்லை. என்னோடு அவளும் பின்னால் வரவர, முன்பக்கம் மெதுவாகத் தண்ணீரை விட்டு எழுந்தது. வண்டிக்காரர் மிளகு மூட்டைகளையும் பின்னால் இழுத்துப் போட்டார்.

அக்கரையில் சேறு தட்டியது. அவள் கண் திறந்திருந்தது.

"அண்ணே, கால விடுங்க. கரை வந்துட்டு."

விடத்தான் நினைத்தேன். விரல்கள் பிரியவில்லை. அவள் புருஷன்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தார்.