லோகாவுக்கு நான் வைத்த மிளகு ரசம்

செய்தி வந்தபோது நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஆட்டுப் பெரட்டலைச் சோற்றோடு பிசைந்துகொண்டிருந்தேன். லோகாவின் கணவர் மாறன் அண்ணன் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "ஸ்டெல்லாம்மா, லோகா போய்ட்டா. காலையில பத்து மணிக்கு. தூங்கற மாதிரிதான் இருந்தா. வாங்கம்மா." எச்சில் கையோடு அதை இரண்டு முறை கேட்டேன். சாப்பிட்டு முடித்தால் இலையை நம் பக்கமாக மடிக்க வேண்டும், துக்கச் சாப்பாட்டில்தான் எதிர்ப்பக்கம் மடிப்பார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். எனக்கு எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். "என்னக்கா, நல்லா இல்லையா?" என்று கடைக்காரர் கேட்டார். நல்லாத்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாறன் அண்ணன் தொகுக்கும் இந்த நினைவு மலரைப் படிக்கப்போகிற உங்களில் பாதிப் பேர் எங்கள் அலுவலகத்துக்காரர்கள். கிள்ளானில் கன்டெய்னர் லோரிகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் லோகேஸ்வரியும் நானும் இருபத்திரண்டு வருடம் அடுத்தடுத்த மேசை. 'அவர்' என்று மரியாதையாக எழுதித்தான் பார்த்தேன். கை வரவில்லை. என் வயதுக்காரி, என்னோடு சண்டை போட்டவள், என் குடையைத் தொலைத்தவள். அவள் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லோரும் அவளை 'டீ ஓ லோகா' என்றுதான் கூப்பிட்டீர்கள். இந்த ஊரில் டீ என்று கேட்டால் பால் ஊற்றித்தான் வரும். பாலில்லாத டீ வேண்டுமானால் 'டீ ஓ' என்று சொல்ல வேண்டும். அவள் எத்தனை முறை சொன்னாலும் நம் கேன்டீன்காரர் மறந்துபோய்ப் பால் டீயைக் கொண்டுவந்து வைப்பார். லோகா அதைத் திருப்பி அனுப்பியதே இல்லை. "கொட்டத்தான போறாரு? யாராச்சும் குடிங்க லா" என்று என் பக்கம் தள்ளிவிடுவாள். அந்த வகையில் நான் குடித்த டீக்குக் கணக்கே இல்லை.

இறைச்சியை அவள் விட்டது சாமிக்காக என்று நினைத்தவர்கள் உண்டு. இல்லை. அவள் பிறந்த வீட்டில் வருடா வருடம் கருப்பருக்குக் கிடா வெட்டுவார்கள், அவளும் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். தெலுக் பங்லிமா காராங்கில் வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்குப் பின்னால் ஒருவர் நாலைந்து மாடு வைத்திருந்தார். தினமும் அவரிடம்தான் பால். ஒரு நாள் காலையில் அதில் ஒரு மாடு விடாமல் கத்தியிருக்கிறது. "கன்னு எங்கண்ணே?" என்று கேட்டிருக்கிறாள். "ஆம்பளக் கன்னும்மா. வச்சுக்கிட்டு என்ன பண்றது? வித்தாச்சு" என்றாராம். சொல்லிக்கொண்டே அந்த மாட்டிடமே பால் கறந்து இவள் பாத்திரத்தில் ஊற்றியிருக்கிறார். மாடு மூன்று நாள் கத்தியது. மூன்றாம் நாள் இவள் பாலை விட்டாள், அந்த மாதமே இறைச்சியையும் விட்டாள். "அவரு கெட்டவரு இல்ல ஸ்டெல்லா. நான் பாத்திரத்த நீட்டினதாலதான அவரு கறந்தாரு?" என்று என்னிடம் சொன்னாள். யாரையும் திட்டாமல் தன்னை மட்டும் திருத்திக்கொண்டு போகிறவளிடம் எப்படி வாதாடுவது?

ஆனாலும் நான் விடவில்லை. எனக்கு வாய் நீளம், அது உங்களுக்குத் தெரியும். "செடிக்கும்தான் உயிர் இருக்கு, கீரையை மட்டும் பிடுங்கலாமா?" என்று கேட்டேன். "கீரையோட அம்மா கத்தினா சொல்லு, அதையும் விட்டுடறேன்" என்றாள். இன்னொரு நாள் அவள் செருப்பைக் காட்டி, "இது என்ன, வாழைத்தோலா?" என்றேன். குனிந்து பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "தோல்தான். யோசிக்கவே இல்ல லா" என்று ஒப்புக்கொண்டாள். மறுவாரம் ரப்பர் செருப்போடு வந்தாள். நான் கத்தோலிக்கக்காரி, தவக்காலத்தில் மட்டும் நாற்பது நாள் இறைச்சி தொடமாட்டேன். அந்த நாட்களில் என் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்து, "வாங்க வாங்க, எங்க ஊருக்கு விருந்தாளியா வந்திருக்கீங்க" என்பாள்.

தைப்பூசத்துக்கு வருடா வருடம் பால்குடம் எடுத்தவள் அவள். பாலை விட்ட வருடம் குடத்தில் இளநீர் நிரப்பிக்கொண்டு போனாள். மாறன் அண்ணனின் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சாமிக்கே சட்டம் பேசறியா நீ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். "சாமிக்குப் பசிக்காது அண்ணி, கன்னுக்குத்தான் பசிக்கும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நான் பத்துமலை அடிவாரத்தில் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவளுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று பொறாமையாக இருந்தது.

வீட்டில் மாறன் அண்ணனுக்குக் கோழியும் மீனும் அவளே சமைத்தாள். உப்பு பார்க்க மட்டும் அவரைக் கூப்பிடுவாள். அவர் கரண்டியோடு நின்று, "கொஞ்சம் போடு, போதும்" என்று சொல்ல, இவள் போடுவாள். அதையும் நான் குத்திக் காட்டினேன். அதற்கு அவள் சொன்னது இதுதான்: "அவரு வாய் அவரோடது, என் வாய் என்னோடது. நான் அவருக்குள்ள பூந்துட முடியாது. அவரும் எனக்குள்ள பூந்துக்கல. அதனாலதான் இந்த வீட்டுல சண்டை இல்ல." இத்தனை வருடத்தில் அவர் ஒரு தடவைகூட அவள் தட்டில் எதையும் ஒளித்து வைத்ததில்லை. நான்தான் வைத்தேன்.

போன வருடம் வயிற்றில் கட்டி என்று கிள்ளானில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மருந்து ஏற ஏற வாயில் ருசி போயிற்று, மூக்கில் வாசம் போயிற்று. "எல்லாமே வெந்நி மாதிரி இருக்கு" என்பாள். அங்கே உணவு ஆலோசகராக இருந்த மலாய்ப் பெண் நல்லவர், அவள் கொள்கையைக் கேட்டுக்கொண்டு சோயா மாவு ஏற்பாடு செய்தார். அதுவும் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. இந்த நாட்டில் யார் படுத்தாலும் பார்க்க வருகிறவர்கள் சிக்கன் எசன்ஸ், அதாவது பாட்டிலில் அடைத்த கோழிச்சாறு, ஒரு பெட்டி தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். லோகாவின் கட்டிலடியில் ஐந்து பெட்டி சேர்ந்தது. எல்லாவற்றையும் பக்கத்துக் கட்டில் சீன அம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா அதைக் குடித்து எழுந்து நடமாடியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லோகாவின் கை என் கண் முன்னால் குச்சியாகிக்கொண்டிருந்தது. மாறன் அண்ணன் நடைபாதையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாச்சும் சாப்பிட வைங்கம்மா" என்று அழுதார்.

மறுநாள் நான் மிளகு ரசம் வைத்துக்கொண்டு போனேன். அதில் ஒரு பாட்டில் சிக்கன் எசன்ஸ் ஊற்றியிருந்தேன்.

மாறன் அண்ணனுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. லோகா இரண்டு வாய் குடித்துவிட்டு, "இதுல என்ன போட்ட?" என்று கேட்டாள். மிளகு, சீரகம், பூண்டு, தக்காளி, புளி, கறிவேப்பிலை என்று வரிசையாகச் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியையும் குடித்தாள். முழு டம்ளர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுதான் எனக்கு இன்று அருவருப்பாக இருக்கிறது. பிடிபடாத திருடியின் சந்தோஷம் அது.

ஒன்பது நாள் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள். அந்த வாரம்தான் டாக்டரும் மருந்தை மாற்றியிருந்தார், அதனால் எது வேலை செய்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. லோகாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. "ஸ்டெல்லா வைக்கற ரசம்தான் எனக்கு உசிரு குடுக்குது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். அதே வார்டில் செவ்வாய் வெள்ளி விரதம் இருக்கும் ஒரு அக்கா படுத்திருந்தார். நான் கொண்டுபோன ரசத்தில் பாதியை ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். நான் போய்ச் சேருவதற்குள் டம்ளர் காலி. "நல்ல சைவ ரசம்க்கா, எங்க ஸ்டெல்லா வச்சது" என்று அவரிடம் என்னைப் பற்றி அறிமுகம் வேறு. நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதோடு நிறுத்தினேன். மாதா கோவிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் வயதானவர். "அன்பினால் செய்ததம்மா, மனதை வருத்திக்கொள்ளாதே" என்று மன்னிப்பு கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் மன்னிக்க வேண்டியவள் அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, பூச்சோங்கில் தன் கட்டிலில் படுத்திருந்தாள்.

சொல்லிவிடத்தான் பூச்சோங்குக்குப் போனேன், ஒருமுறை அல்ல, நான்கு முறை. நாலாம் முறை அவளே பேச்சை எடுத்தாள். "அந்த ரசத்த எழுதிக் குடு ஸ்டெல்லா. நான் எழுந்ததும் என் கையால வச்சு உனக்குத் தரேன்" என்றாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? பேனாவை எடுத்தேன். சொன்னால் அவள் திட்டமாட்டாள் என்று தெரியும். திட்டாமல் என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு நான் கொண்டுபோகும் எதையும் வாயில் வைக்கமாட்டாள். அந்தப் பயத்தில் மிளகு, சீரகம் என்று ஆரம்பித்துக் கறிவேப்பிலையோடு முடித்துக் கையில் கொடுத்தேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "டேங்க்ஸ்டி. பெத்த தாய்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டாங்க" என்றாள். அடுத்த வாரம் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் நீங்கள் எல்லோரும் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள், ஸ்டெல்லா மாதிரி ஒரு தோழி யாருக்கு வாய்க்கும் என்று. நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். கூட்டம் கலைந்த பிறகு மாறன் அண்ணன் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அடுப்பில் ஒரு சின்னச் சட்டி. பக்கத்துச் சுவரில் நான் எழுதிக் கொடுத்த தாளை ஒட்டியிருந்தார். "ஆஸ்பத்திரியில அவ மிச்சம் வைக்கறத நான்தான்மா குடிப்பேன். நாலு நாளா இந்தத் தாளப் பாத்து வச்சுப் பாக்கறேன், அந்த ருசி வரல. எத விட்டுட்டீங்க?" என்று கேட்டார். கரண்டியில் எடுத்து நீட்டினார். குடித்துப் பார்த்தேன். தாளில் இருந்தது அத்தனையும் அதில் இருந்தது. "புளி கொஞ்சம் கம்மிண்ணே" என்றேன். அவர் சரி என்று புளியைக் கரைக்கப் போனார்.

லோகாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்று கேட்டவரும் அவர்தான். அவள் எனக்கென்று விட்டுப்போனது ஒரு நன்றி. நான் வைக்காத ஒரு சைவ ரசத்துக்கு அவள் சொன்ன நன்றி. அதைத் திருப்பிக் கொடுக்க அவள் இல்லை. அதனால் அதை நானே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தை முதலில் படிக்கப்போவது மாறன் அண்ணன்தான் என்று தெரிந்துதான் எழுதினேன். இனி அவர் இதை அச்சுக்குக் கொடுக்கலாம், கிழித்தும் போடலாம்.

அண்ணே, புளி சரியாகத்தான் இருந்தது.