கண்ணாடி மேல் உருட்டிய கோல்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அரியமங்கலத்தில் சிறிய பட்டறை வைத்து, ஸ்நூக்கர் ஆடும் கோல்களைக் கையால் செய்கிறேன். ஒவ்வொரு முறை கடைந்த பிறகும் மரத்தைச் சில வாரம் தொங்கவிட வேண்டும். வளைகிற மரம் அதற்குள் வளைந்துவிடும்.

ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவருக்குப் போட்டி நெருங்கியதால், கடைசியாகக் கடைந்தபின் அவருடைய கோலை நான் தொங்கவிடவில்லை. அவர் வாங்க வந்த அன்று காலை கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்தேன். நேரான கோல் சீராக உருளும்; இதன் நுனி லேசாகத் துள்ளியது.

“நேரா இருக்காண்ணே?”

“இருக்குங்க.”

“உங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வர்றதே கஷ்டம். அது பொய்யாவா வரப்போகுது!” என்று சிரித்தபடி வாங்கிப் போனார்.

மறுநாள் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். “என் கைதான் சரியில்லண்ணே” என்று போனில் சொன்னார். சரிங்க என்றேன்.