அவரைக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஒக்டோபர் மாதம். நேபாளத்தில், திபெத் எல்லையை நோக்கி ஏறும் ஒரு பள்ளத்தாக்கில், பத்து நாள் நடைப்பயணத்தின் ஐந்தாம் நாள் காலையில் நடந்தது இது. ஆனால் அதற்கான காரணம் ரொறன்ரோவிலிருந்தே என்னோடு வந்தது. அதனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் புவியியல் படிப்பித்தவன். பனிக்கட்டியாறு ஒரு பள்ளத்தாக்கை எப்படிக் குடைந்து அகலமாக்குகிறது என்று கரும்பலகையில் எத்தனையோ தடவை கீறிக் காட்டியிருக்கிறேன். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. கனடாவுக்கு வந்த பிறகு மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே தமிழர்கள் பலர் இருந்தார்கள். மேற்பார்வையாளரோடு ஆங்கிலத்தில் ஏதாவது கதைக்க வேண்டுமென்றால் "மாஸ்டரைக் கூப்பிடுங்கோ" என்பார்கள். கையுறையைக் கழற்றிவிட்டுப் போய் நடுவில் நிற்பேன். இரண்டு பக்கமும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதில் எனக்கு ஒரு மயக்கம் இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தட்டுகளில் கரண்டி அடுக்குகிறவனுக்கு அந்த ஐந்து நிமிடம்தான் பழைய மரியாதை திரும்பி வரும்.

குடியுரிமை கிடைத்துக் கையில் கடவுச்சீட்டு வந்தது. எட்டு ஆண்டுகள் எங்கேயும் போக முடியாமல் இருந்தவனுக்கு அதன் பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ரெக்ஸ்டேல் நூலகத்தில் ஒருநாள் இமயமலைப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். பத்து நாள் நடை, வழிகாட்டி உண்டு, ஏறி முடிகிற இடத்தில் ஒரு கணவாய், அதன் மேலிருந்து பார்த்தால் பெரிய பனிக்கட்டியாறு. அந்த இடத்திலேயே பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மனைவி ஒரேயடியாக மறுத்தாள். "தனியாப் போறதெண்டால் என்னைக் கேக்காதேங்கோ. ஐம்பத்துமூண்டு வயசிலை என்ன மலை? ஆரையேன் கூட்டிக்கொண்டு போங்கோ."

என்னோடு வேலை செய்த ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், வன்னியில் வயல் வைத்துக் கமம் செய்தவர். மனைவியும் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். தினமும் தன் காரில்தான் என்னை வேலைக்குக் கூட்டிப்போவார். நான் அவரைத் தம்பி என்று கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கேட்டவுடன் சம்மதித்துவிட்டார்.

"மாஸ்டர் போனால் நானும் வாறன். சிவபெருமான் இருக்கிற இடமெல்லோ. ஆனா எனக்கு இங்கிலீஸ் வராது, கதைக்கிறதெல்லாம் நீங்கள்தான்."

இருவரும் கோடை முழுவதும் எங்கள் கட்டடத்தின் பதினெட்டு மாடிப் படிகளை, முதுகில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்கினோம். மாடிப்படியில் எதிர்ப்பட்ட ஒரு பக்கத்து வீட்டுக்காரர், "என்ன மாஸ்டர், லிஃப்ட் பழுதோ, இல்லாட்டி அரிசி வியாபாரமோ?" என்று கேட்டார். தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே, "கைலாயத்துக்கு டெலிவரி, அண்ணை" என்றார்.

நடை தொடங்கிய முதல்நாள் மாலை வழிகாட்டி எங்கள் ஒன்பது பேரையும் சாப்பாட்டுக் கூடாரத்தில் இருத்தினார். அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்த மனிதர், நாற்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு மாலையும் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்பேன் என்றார். தலை இடிக்கிறதா? சாப்பிட்டாயா? நித்திரை வந்ததா? உண்மையைச் சொன்னால் போதும். தலையிடி உள்ளவர் அன்றைக்கு மேலே ஏறக்கூடாது, கூடினால் கீழே இறங்க வேண்டும், இறங்கினால் சரியாகிவிடும். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, என் நண்பருக்கு ஆங்கிலம் தெரியாததால் அவர் இறங்க வேண்டி வந்தால் நானும் கூடவே இறங்க வேண்டியிருக்கும் என்று சொன்னார். தலையாட்டினேன்.

முதல் இரண்டு நாளும் காடு, ஆறு, தொங்குபாலம். தம்பிதான் எல்லாருக்கும் முன்னால் நடந்தார். சுமை தூக்குபவர்களோடு மொழியே இல்லாமல் சிரித்துக்கொண்டு போனார். நான்தான் அடிக்கடி வரைபடத்தை விரித்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை எனக்கு. தேநீருக்கு உட்கார்ந்தாலும் எழும்பி எழும்பி வடக்கே பார்ப்பேன்.

மூன்றாம் நாள் மாலை வழிகாட்டி தம்பியின் முன்னால் குந்தியிருந்து, அவருடைய முகத்தைப் பார்த்துத் தன் கேள்விகளைக் கேட்டார். தம்பி என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர், மத்தியானத்திலையிருந்து தலை வெடிக்கிற மாதிரிக் கிடக்கு. சோறும் இறங்கேல்லை. அவரிட்டைச் சொல்லுங்கோ."

நான் வழிகாட்டியிடம் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "அவர் நன்றாக இருக்கிறார். மனைவியின் சமையலை நினைத்துக்கொண்டிருக்கிறார்." எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிப்பதைக் கண்டு தம்பியும் சிரித்தார்.

யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. கணவாய்க்கு இன்னும் மூன்று நாள் என்பது மட்டும் தலைக்குள் ஓடியது. பிறகு தம்பியின் பக்கம் திரும்பி இரண்டாவது பொய்யையும் சொன்னேன்.

"சொல்லிப்போட்டன் தம்பி. எல்லாருக்கும் உப்பிடித்தான் இருக்குமாம். தண்ணியை நல்லாக் குடிக்கட்டாம்."

"ஓம் மாஸ்டர்" என்றார். வழிகாட்டி சொல்லாத அறிவுரையை நான் அவருடைய வாயில் வைத்தேன். தம்பி போத்தலை எடுத்து அங்கேயே குடிக்கத் தொடங்கினார்.

நான்காம் நாள் மரங்கள் முடிந்தன. தம்பி இப்போது வரிசையின் கடைசியில் வந்தார். மதியம் ஒரு பாறைக்குப் பின்னால் வாந்தி எடுத்தார். நான் போய் முதுகைத் தடவினேன். தடவிக்கொண்டே, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். என்னிடமிருந்த பனடோல் மாத்திரை இரண்டைக் கொடுத்தேன். அன்று மாலையும் அதே கேள்விகள். தம்பி, "தலையிடி குறையேல்லை மாஸ்டர், கண்ணும் ஒரு மாதிரி மங்குது" என்றார். நான் வழிகாட்டியிடம், களைப்பு மட்டும்தான், சூப் குடித்தார் என்றேன். அவர் இந்தமுறை தம்பியின் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். தம்பி தனக்குத் தெரிந்த ஒரே சொல்லால் எனக்கு உதவி செய்தார். "யெஸ், யெஸ்."

ஐந்தாம் நாள் காலை புறப்பட்டு ஒரு மணி நேரம் இருக்கும். எனக்கு முன்னால் போன தம்பி குடித்தவரைப் போல் கால் பின்னி நடந்தார். இடப்பக்கம் சரிந்து கல்லில் விழுந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "மாஸ்டர், ஷிப்ட்டுக்கு நேரம் போச்சு, காரிலை ஏறுங்கோ" என்றார். பிறகு சப்பாத்தைக் கழற்றப் பார்த்தார். விரல்கள் நாடாவைத் தேடிக் காற்றில் அலைந்தன.

வழிகாட்டி வந்து அவருடைய கண்களைப் பார்த்தார், எழுப்பி நாலு அடி நடக்கவிட்டுப் பார்த்தார். என்னிடம் திரும்பி, தலையிடி எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

"இன்று காலை" என்றேன். மூன்றாவது பொய். அதற்குக் கணவாய் கூடக் காரணமில்லை, வெறும் வெட்கம்.

மற்றவர்களை உதவி வழிகாட்டியோடு அனுப்பிவிட்டு, சுமைக்கூடை ஒன்றின் பக்கத்தை வெட்டினார்கள். தம்பிக்கு மாத்திரையைக் கரைத்துக் கொடுத்து, கூடைக்குள் இருத்திக் கட்டினார்கள். வழிகாட்டியும் ஒரு சுமைகாரரும் மாறி மாறி நெற்றியில் பட்டியை மாட்டிச் சுமந்தார்கள். கூடையில் இருப்பவர் பின்பக்கம் பார்த்தபடிதான் இருக்க முடியும். பின்னால் நடந்தவன் நான். ஆகவே ஏறி வந்த வழியெல்லாம் தம்பியின் முகம் எனக்கு நேரே ஆடிக்கொண்டு இறங்கியது. சில நேரம் கண் திறக்கும், என்னைக் காணும், எதையும் காணாததுபோல் மூடிக்கொள்ளும். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் விமான நிலையத்தில் நான் கைகாட்டிவிட்டு வந்தது மட்டுமே நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு சிறிய குடியிருப்பில் கூடையை இறக்கினார்கள். இன்றைக்குத் தொடங்கிய தலையிடி என்றால் இந்த உயரம் போதும், இங்கே படுக்கவைத்துப் பார்க்கலாம் என்றார் வழிகாட்டி. படுக்கை விரிக்கத் தொடங்கிவிட்டார்கள். தம்பியின் மூச்சில் ஏதோ கரகரத்தது. அப்போதுதான் என் வாய் திறந்தது.

"இன்றைக்கு இல்லை. மூன்று நாளாக."

வழிகாட்டி கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்து, மிகவும் களைத்த குரலில் சொன்னார்: "நான் அவரைத்தான் கேட்டேன். ஒவ்வொரு நாளும் அவரைத்தான் கேட்டேன்."

அவ்வளவுதான். விரித்த படுக்கையைச் சுருட்டச் சொன்னார். பட்டியைத் தன் நெற்றியில் தானே மாட்டிக்கொண்டு எழும்பினார். பிறகு எங்கேயும் நிற்கவில்லை. காடு தொடங்கி, ஆற்றுச் சத்தம் கேட்டு, பிற்பகலில் நன்றாகத் தாழ்ந்த ஓர் ஊரை அடைந்தோம். வெயில் இறங்குவதற்குள் தம்பிக்கு முகத்தில் தெளிவு வந்தது. தண்ணீர் கேட்டார். என்னை அடையாளம் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை:

"என்னாலை உங்கடை பயணம் கெட்டுப்போச்சு மாஸ்டர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "பேசாமல் படும் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகு இதைவிட மோசமானது தொடங்கியது. தம்பி போகிற இடமெல்லாம், தொழிற்சாலையில், கோயிலில், பிறந்தநாள் கொண்டாட்டங்களில், ஒரே கதையைச் சொன்னார். "மாஸ்டர் இங்கிலீசிலை கதைச்சிராட்டி நான் அங்கையே போய்ச் சேர்ந்திருப்பன்." ஆட்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருடைய மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சிக்கறி கொடுத்தனுப்பினார். அந்தக் கறியை நான் சாப்பிட்டேன். குளிர்காலம் முழுவதும், அவருடைய காரில் பக்கத்தில் இருந்து வேலைக்குப் போகும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று நெடுஞ்சாலையில் ஏறும்போது நினைப்பேன். இறங்கும்போது நாளைக்கு என்று நினைப்பேன்.

அடுத்த வசந்தத்தில் அவருடைய மனைவிக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. வைத்தியரோடு கதைக்க என்னைக் கூட்டிப்போனார்கள். வைத்தியர் ஏதோ சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். தம்பியும் பார்த்தார். "என்னவாம் மாஸ்டர்?" கூடாரத்தில் பார்த்த அதே பார்வை. வைத்தியரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தம்பியை வெளியே வாகனத் தரிப்பிடத்துக்குக் கூட்டிப்போனேன். மூன்று பொய்களையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். கணவாயை, பனிக்கட்டியாற்றை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அங்கே நின்ற காரில் சாய்ந்துகொண்டார். பிறகு கேட்டார்.

"அப்ப தண்ணி குடிக்கச் சொல்லி அவர் சொல்லேல்லையோ?"

"இல்லை."

"அவர் சொன்னதெண்டு நினைச்சு, வயிறு முட்ட முட்டக் குடிச்சனான், மாஸ்டர்."

உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். அவர் என் பக்கம் திரும்பாமல், தாதியிடம் தன்னுடைய ஆங்கிலத்தில், "ப்ளீஸ், தமிழ் லேடி" என்று கேட்டார். மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வரும்வரை மூவரும் வரிசையாக நாற்காலியில் இருந்தோம்.

திங்கட்கிழமை வழக்கம்போல் கார் வந்து நின்றது. அவர் வரமாட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "ஏறுங்கோ மாஸ்டர், நேரம் போகுது" என்றார். ஆனால் சனிக்கிழமைகளில் அவர் ஆங்கில வகுப்புக்குப் போகத் தொடங்கினார். மேற்பார்வையாளரிடம் விடுமுறை கேட்கத் தானே போனார். இலக்கணமே இல்லாத அந்த ஆங்கிலத்தை நான் கரண்டி அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். திருத்த வேண்டும் என்று ஒருமுறை கூடத் தோன்றவில்லை.

அந்தக் கோடையில் ஒரு பிறந்தநாள் விழாவில், புதிதாக வந்த ஒருவர் மலைக்கதையைக் கேட்டார். நான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். தம்பி சொன்னார்: "மேலை ஏறேக்கை தலையிடி வந்தது. அந்த வழிகாட்டி மனிசன் என்னை முதுகிலை சுமந்து இறக்கினவர்."

"மாஸ்டரெல்லோ கதைச்சுக் காப்பாத்தினவர் எண்டு சொன்னாங்கள்?"

தம்பி ஒரு கணம் என்னைப் பார்த்தார். "மாஸ்டரும் வந்தவர்" என்றார். பிறகு தட்டிலிருந்த வடையை எடுத்துக் கடித்தார்.

அந்த இரண்டு சொல்லில் பொய் இல்லை; என்னைக் காட்டிக்கொடுத்ததும் இல்லை. இன்னொருவருக்காகப் பேசுகிறவன் எவ்வளவு சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை, எண்பதைத் தாண்டிய நான் இன்றும் நிம்மதியில்லாமல் அந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.