சகலை வீட்டு டிராக்டர்

என் சகலை பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். மூலக்குளத்தில் மாடிவீடு, மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன். நான் முப்பது வருஷமாக டிராக்டர் மெக்கானிக். அக்காவைக் கட்டியவர் அவர், தங்கையைக் கட்டியவன் நான். "அக்கா வீட்ல..." என்று என் மனைவி ஆரம்பித்தாலே எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

போதாக்குறைக்கு, போன வருஷம் ஒரு பழைய டிராக்டரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். வில்லியனூர் பக்கம் ஒரு பண்ணையில் கிடந்த வண்டி. அவருடைய அப்பா அங்கே கூலிக்கு அதை ஓட்டியவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பலில் வந்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். சாராயக்கடையில் எல்லோரும் அவரைக் கேலி செய்வார்களாம்.

"எந்த ஊரு வண்டி, எந்த வருஷத்துதுன்னு நீங்க பாத்து சொல்லுங்க சகல. உங்கள விட்டா யாருக்குத் தெரியும்?" என்றார்.

எங்கள் பக்கம் ஆயுத பூஜை வந்தால் வண்டியைக் கழுவி, துரு தெரிகிற இடத்திலெல்லாம் பெயின்ட் அடித்து, அதன்மேல் சந்தனப் பொட்டு வைப்போம். அடியில் நம்பர் இருக்கிறதா, எழுத்து இருக்கிறதா என்று எவனும் பார்ப்பதில்லை. இந்த வண்டியிலும் ஒன்றும் படிக்க முடியவில்லை. என்ஜினில் மட்டும் சுரண்டினேன், நம்பர் தெரிந்தது. சாட்சாத் நம் நாட்டு என்ஜின். பிரெஞ்சுக்காரர் போய் இருபது வருஷம் கழித்து வந்த மாடல்.

பழைய வண்டியில் வேறு என்ஜின் ஏற்றுவது இங்கே சர்வசாதாரணம். நானே எத்தனையோ ஏற்றியிருக்கிறேன். கியர்பாக்ஸையும் பார்க்காமல் வண்டிக்கு வயது சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கிடைத்த பதில் இனித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"இது நம்ம நாட்டு வண்டிதான் சகல. கப்பலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்ப எங்கப்பா சொன்னதெல்லாம் கதையா?"

"வயசானவங்க, ஏதோ சொல்லியிருப்பாங்க."

அன்றைக்கு வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்துப் போன் செய்தார். வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லையாம். பழைய இரும்புக்குப் போடப் போகிறாராம். என்ஜினுக்குத் தனி விலை கிடைக்குமாம், அதை மட்டும் கழற்றித் தர முடியுமா என்று கேட்டார். போனேன். என்ஜின் பக்கத்து போல்ட்டுகள் இஞ்சு ஸ்பேனருக்குக் கழன்றன. கியர்பாக்ஸ் பக்கம் அந்த ஸ்பேனர் ஒன்றுகூட உட்காரவில்லை. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டேன், கச்சிதமாகப் பிடித்தது. இரண்டுக்கும் நடுவே, ஒன்றோடொன்று பொருந்துவதற்காக ஏதோ ஒரு பட்டறையில் வெட்டிய தகடு. இந்த என்ஜின் இந்த வண்டியோடு பிறந்தது இல்லை.

சகலை காபி கொண்டுவர உள்ளே போயிருந்தார். இரும்புக்கடை வேன் தெருவில் நின்றது. நான் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். முப்பது வருஷத் தொழில் சும்மா விடவில்லை. கியர்பாக்ஸ் மேல் சுரண்ட ஆரம்பித்தேன். நீலம், பச்சை, சிவப்பு என்று பெயின்ட் ஏடு ஏடாக உரிந்து, கடைசியில் ஒரு சின்ன பித்தளைத் தகடு தெரிந்தது.

"சகல, இங்க வாங்க. இதப் படிங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரெஞ்சில் முணுமுணுவென்று படித்தார். தயாரித்த ஊர் பிரான்சில். வருஷம், பிரெஞ்சுக்காரர் இங்கிருந்து கிளம்புவதற்கு மூன்று வருஷம் முந்தியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பா பொய் சொல்லல சகல" என்று என் கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நான் அன்னிக்கே இதப் பாத்திருக்கணும். வேணும்னேதான் பாக்கல" என்றேன்.

அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். இரும்புக்கடைக்காரர் வெறும் வேனோடு திரும்பிப் போனார்.

அப்போதும் எனக்குப் பொறாமைதான். என் அப்பாவும் மில்லில் வேலை பார்த்த காலத்தைப் பற்றி என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தவர்தான். நான் எதையும் காதில் வாங்கியதில்லை. உண்மையா பொய்யா என்று சுரண்டிப் பார்க்க, அவர் சொன்னதில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.