பந்து போன திசை

ரேஷன் அட்டையின் உறைக்குள் பாதி கிழிந்த ரோஸ் நிற டிக்கெட் ஒன்று வைத்திருக்கிறேன். கள்ளக்குறிச்சியில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு எங்கள் மூங்கில்துறைப்பட்டு கால்பந்து மன்றம் கொடுத்தது. எங்கள் வீட்டில் யாரும் பந்து ஆடியதில்லை. கரும்பு வெட்டிவிட்டு வரும் வழியில் மைதானம் இருந்தது, நின்றேன், பிடித்துப்போனது, அவ்வளவுதான். பொம்பளைகள் யாரும் வராத இடம் என்பதால் கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியை ஒட்டி நிற்பேன். உட்கார்ந்து ஓர் ஆட்டமாவது பார்க்க வேண்டும் என்று ஆசை. யாரிடமும் சொன்னதில்லை.

மன்றத்துக்கு வந்ததோ கொஞ்சம் டிக்கெட். கேட்டவர்களோ ஊர் முழுக்க. தவறாமல் ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் டிக்கெட் என்று மன்றத்து செகரட்டரி மைதானத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதலில் வந்து நின்றவர் அவருடைய மச்சான்.

"மழையில தோத்தோமே, அன்னிக்கு ஆட்டம் நடுவுல ஏன் நின்னுச்சு? சொல்லிட்டு வாங்கிக்கோ."

"இன்னா மாமா கேள்வி இது. மழ ஜாஸ்தி, அதான் நின்னுச்சு."

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அன்று மழைக்காக ஆட்டம் நிற்கவே இல்லை. உதைத்த பந்து வேலியைத் தாண்டி, ரோட்டில் போன கரும்பு டிராக்டரில் விழுந்து, லோடோடு மில்லுக்குப் போய்விட்டது. சைக்கிளில் துரத்திப் போய் எடுத்து வரும் வரைக்கும் ரெண்டு டீமும் நனைந்துகொண்டு நின்றது, வேலியோரம் நானும்.

"இன்னா தங்கச்சி சிரிக்கிற? நீ சொல்லு."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டிக்கெட் போய்விடுமே என்ற பதைப்பில் கையை மட்டும் மில் இருக்கும் பக்கம் நீட்டினேன். செகரட்டரி சிரித்துக்கொண்டே ஒன்றைக் கிழித்து என்னிடம் கொடுத்தார்.

"கை காட்னா டிக்கெட்டா மாமா?"

"எந்தப் பக்கம்னு தெரிஞ்சா நீயும் காட்டு மச்சான்."

"அக்காகிட்ட சொல்றேன். இன்னிக்கு வூட்ல ஒனக்குச் சோறு கெடையாது."

அந்த இறுதி ஆட்டத்திலும் தோற்றோம். ஆனாலும் நான் உட்கார்ந்து பார்த்தேன்.

செகரட்டரி இப்போது இல்லை. டிக்கெட் எல்லாம் போனில்தான். இந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்கு என் மகள் போனை அழுத்திக்கொண்டே இருந்தாள். திரையில் வட்டம் சுற்றியது, பிறகு டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று வந்தது. போனுக்கு மச்சான் கிடையாது, அது நல்லதுதான். ஆனால் யார் நனைந்தார்கள் என்று அது கேட்பதும் இல்லை. கேட்டிருந்தாலும் நான் வாய் திறந்திருப்பேனா, தெரியவில்லை.

"வுடும்மா, டிவியில பாத்துக்கலாம்" என்றாள் மகள். நான் அந்த ரோஸ் டிக்கெட்டை உறைக்குள் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் கரும்பு டிராக்டர் ஒன்று லோடோடு போனது.

"இன்னாத்துக்கும்மா சிரிக்கிற?"

மில் பக்கம் கையை நீட்டினேன்.