மரத்துப்போன மூன்று விரல்கள்

காலை ஏழரை மணி. ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. ராயபுரத்துக் கிடங்குகளிலிருந்து வரும் கிழிந்த கோணிகளுக்கு ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுப்பது அம்மாவின் வேலை. எதிரே உட்கார்ந்து சணல் பிரித்துக்கொண்டிருந்த நான்தான் முதலில் பார்த்தேன். கோணி ஊசி அவள் கட்டைவிரலில் ஏறி ரத்தம் சொட்டியது. அவளோ அது தெரியாமல் தைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. தனக்கும் விரல்கள் மரத்துப்போவதாக என் மகள் போன வாரம் எழுதியதிலிருந்து அந்த ரத்தம் கண்ணைவிட்டு அகலவில்லை.

"மூணு வெரலும் செத்துப்போச்சுடி" என்று அம்மா கையை உதறினாள்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அப்பா ஊசியைத் திட்டினார். அவருடைய அக்காவான என் அத்தை, திருஷ்டி என்று மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டாள். திருஷ்டி இருந்தால் நெடி வராதாம். வந்த நெடியில் அப்பா தெருவுக்கு ஓடி, அங்கிருந்தே இருமினார்: "இன்னாக்கா, அவ கைய பாக்கச் சொன்னா, எங்க உசுர எடுக்கிற?"

உண்மைக் காரணம் எனக்கு மட்டுமே தெரியும் என்று நம்பினேன். தினமும் அம்மாவின் வலது கைமேல் தலை வைத்துத்தான் தூங்குவேன். என் கைமேல் நானே படுத்தால் அது மரத்துப்போகிறதே. ஆகவே அவள் கையைக் கெடுத்தது என் தலைதான். அன்றிலிருந்து சுவரோரம் தனியாகப் படுத்தேன்.

"இன்னாடி, எம்மேல கோவமா?" என்று அம்மா கேட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. இரண்டு நாளாகியும் கை சரியாகவில்லை. ஒரேயடியாகக் கெடுத்துவிட்டேன் என்ற பயத்தில் சோறுகூட இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலடிப்பேட்டையிலிருந்து மருத்துவச்சி வந்தாள். அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, கணுக்காலை அழுத்தினாள், குழி விழுந்தது.

"ஒடம்பு முழுக்க நீர் கோத்துக்கீது. அதான் கை மரத்துப்போவுது. இதுல ஊசி வேற. கொஞ்சம் ஓரமா வையிம்மா. பெத்தெடுத்தா தானா வடிஞ்சிடும்."

எனக்கு அதில் பாதி விளங்கவில்லை. பொறுக்க முடியாமல், "நான்தான் அம்மா கை மேல தல வெச்சேன்" என்று அழுதுவிட்டேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அத்தைகூடச் சிரித்தாள். ஏன் சிரித்தார்கள் என்பது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது. மருத்துவச்சி என் முதுகில் தட்டிச் சொன்னாள்:

"அயே, ஒந்தல இன்னா அம்மிக்கல்லா? போய் வெச்சிக்கோ. மூணு மாசந்தான், அப்பறம் அந்தக் கைல படுக்க வேற ஆளு வருது."