எல்லையம்மாள் கொண்டுவந்த தூக்கு

முத்துப்பேட்டையில் உள்ள மனநல ஆலோசனை மையத்தில் லின்சி பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்பா மதலைமுத்து கூலிக்கு வரப்பு வெட்டிப் படிக்க வைத்த பெண். வீட்டில் முதல் பட்டதாரி. சந்தேகம் வந்தால் கேட்க வீட்டில் ஆளில்லை. வகுப்பில் எழுதிக்கொண்ட நோட்டுதான் துணை. அறிவுரை சொல்லாதே. வாக்குக் கொடுக்காதே. வருகிறவர்களிடம் எதையும் வாங்காதே.

புதன்கிழமைதோறும் எல்லையம்மாள் வருவாள். கூடையில் மீன் சுமந்து விற்கிறவள். ஒரே மகன் ஜெகன் வளைகுடாவுக்குப் படகு வேலைக்குப் போய், ஒன்பதாம் மாதம் பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்றார்கள். அப்படியே அடக்கம் செய்தார்கள். எல்லையம்மாள் அழவில்லை. கருமாதி செய்யவும் விடவில்லை.

"நீ படிச்ச பொண்ணு. சொல்லு டீச்சரம்மா, பெட்டிக்குள்ள இருந்தது என் மவன்தானா?"

லின்சிக்கு நோட்டில் இருந்ததுதான் வந்தது. "உங்களுக்கு எப்படித் தோணுதுங்கம்மா?"

"எனக்குத் தெரிஞ்சா ரெண்டு பஸ் மாறி உங்கிட்ட ஏன் வரேன்? சும்மா உக்காந்திருக்கவா இம்புட்டுப் படிச்சே?"

ஏசினாலும் அடுத்த புதன் வந்துவிடுவாள். அதே கேள்வி. லின்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். இது உதவியா, வேடிக்கை பார்ப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆறாவது புதன் எல்லையம்மாள் ஒரு தூக்கோடு வந்தாள். மடவை மீன் குழம்பு. கேள்வி எதுவும் கேட்கவில்லை. தூக்கை மேசைமேல் வைத்து, சாப்பிடு என்று மட்டும் சொன்னாள். லின்சிக்கு நாக்கு ஊறியது. ஆனாலும், வாங்கக் கூடாது, இங்கே அப்படி ஒரு விதி என்று பக்குவமாகத்தான் சொன்னாள். எல்லையம்மாள் மூடியை அழுத்தி மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை.

மையத்தைக் கூட்டிப் பெருக்கும் மங்களாம்பிகை அவள் தெருக்காரி. அவள்தான் விஷயத்தைச் சொன்னாள். பெட்டி வந்த நாளிலிருந்து அந்த வீட்டு அடுப்பில் மீன்சட்டி ஏறவில்லை. தூக்கோடு வந்ததற்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை எல்லையம்மாள் தானாகவே ஆளைக் கூப்பிட்டுக் கருமாதியை முடித்தாள். மறுநாள் மீன் ஆக்கினாள். துக்கம் கழிந்து ஆக்கும் மீனில் முதலில் வெளியாள் ஒருவர் கை நனைத்த பிறகுதான் வீட்டார் சாப்பிடுவது அந்தத் தெரு வழக்கம். தெருவில் யாரையும் கூப்பிடாமல் தூக்கை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறாள். திரும்பிப் போய்க் குழம்பை வாய்க்காலில் கொட்டினாளாம்.

"'படிச்ச பொண்ணே வாங்கல, அப்ப பெட்டியில வந்தது என் மவன் இல்ல'ன்னு அந்தம்மா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது" என்றாள் மங்களாம்பிகை.

பயிற்சி கொடுக்கும் கிளமென்ட் சார், விதிப்படிதானே செய்தாய், வீடு தேடிப் போகாதே, அவங்களே வரட்டும் என்றார். லின்சி புதன்கிழமைகளில் எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் கூடையோடு எல்லையம்மாளைப் பார்த்தாள். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்க நினைத்தது வேறு மாதிரி வந்தது.

"அம்மா, அந்தக் குழம்பு... இப்ப குடுத்தா சாப்பிடுறேங்க."

எல்லையம்மாள் சிரித்தாள். லின்சி அவள் சிரித்து அதுவரை பார்த்ததில்லை.

"அவன் வரட்டும் டீச்சரம்மா. வெச்சுத் தரேன்."

பஸ் வந்தது. கூடையைத் தூக்கி ஏற்ற லின்சி ஒரு கை கொடுத்தாள்.